ஹோக்யோகு வரம் தரும் மணியா? உராஹாராவின் கண்டுபிடிப்பை விளங்கிக்கொள்ள

பிளீச் என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்தவர்கள் நாலு பேர் கூடினால், ஏதோ ஒரு கட்டத்தில் பேச்சு ஹோக்யோகுவில் வந்து நிற்கும். "அது நினைத்ததைக் கொடுக்கிற கல்" என்பார் ஒருவர். "அதைச் செய்ததற்காகத்தானே உராஹாராவை ஊரைவிட்டே துரத்தினார்கள்" என்பார் இன்னொருவர். "அப்படியானால் ஐசென் ஏன் 'நான் ஜெயிக்கணும்' என்று நினைத்துவிட்டுச் சும்மா உட்காரவில்லை?" என்று மூன்றாமவர் கேட்டால் முதல் இருவரும் விழிப்பார்கள். மூன்றாமவர் கேட்டதுதான் சரியான கேள்வி.

குழம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. டைட் குபோவின் இந்த மாங்கா (ஜப்பானியப் படக்கதை) 2001 முதல் 2016 வரை ஷோனென் ஜம்ப் வார இதழில் வந்து 74 தொகுதிகளானது. அனிமே 2004 அக்டோபரில் தொடங்கி 2012 மார்ச் வரை 366 பகுதிகள் ஓடியது. ஹோக்யோகு பற்றிய விளக்கம் இதில் ஓரிடத்தில் கொஞ்சம், வெகுதூரம் தள்ளி இன்னும் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, முதலில் சொல்லப்படும் விளக்கம் பாதிதான் சரி என்பது பிறகுதான் தெரியவரும். நடுவில் நாலு வாரம் விட்டுவிட்டுப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருத்தம் கண்ணிலேயே பட்டிருக்காது.

கதையின் பெரிய திருப்பங்கள் எல்லாம் கீழே உடைபடும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் இரண்டு சாதி ஆன்மாக்கள்

ஷினிகாமி என்றால் ஜப்பானிய மொழியில் மரண தேவன். நம்மூர் எமகிங்கரர்களுக்குக் கறுப்புச் சீருடை போட்டு, படைப்பிரிவு, தலைவர், துணைத்தலைவர் என்று அரசு உத்தியோகம் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. இறந்தவர்களின் ஆன்மாவை மறுவுலகத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அந்த மறுவுலகத்துக்குப் பெயர் சோல் சொசைட்டி. அதைக் காக்கும் பதின்மூன்று படைப்பிரிவுகள் சேர்ந்தது கோதெய்.

ஹாலோ என்பது இதற்கு நேர் எதிர். போகவேண்டிய நேரத்தில் போகாமல், ஏக்கத்திலோ ஆத்திரத்திலோ இங்கேயே தங்கி, கடைசியில் தன் இதயத்தை இழந்துவிட்ட ஆன்மா. இதயம் இருந்த இடத்தில் ஓட்டை. முகத்தில் எலும்பு முகமூடி. அந்த ஓட்டையின் பசியை அடக்க மற்ற ஆன்மாக்களைத் தின்னும்.

ஒன்று காவல், மற்றது வேட்டை. ஆனால் இரண்டுமே ஆன்மாதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாலும் தயிரும் போல மூலப்பொருள் ஒன்று. நடுவில் ஒரு வேலி இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேலிதான் இந்தக் கதையின் ஆராய்ச்சிக் கேள்வி. ஒரு ஷினிகாமி எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஓரிடத்தில் வளர்ச்சி நின்றுவிடும். ஏனென்றால் அவன் ஷினிகாமி என்ற சாதியின் உச்சத்தைத் தொட்டுவிட்டான். அதற்கு மேல் போக வேண்டுமானால் வேலியையே எடுக்க வேண்டும். ஒரு ஷினிகாமிக்குள் ஹாலோவின் தன்மையைப் புகுத்துவதற்கு ஹாலோவாக்கம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இந்த யோசனை ஒரே காலத்தில் இரண்டு பேருக்குத் தனித்தனியாக வந்தது. ஒருவர் உராஹாரா கிசுகே. மற்றவன் கதையின் வில்லன் ஐசென் சோசுகே.

பச்சை வெள்ளைக் கோடு போட்ட தொப்பிக்காரர்

கதை தொடங்கும்போது உராஹாரா, கராகுரா என்ற ஊரில் மிட்டாய்க்கடை வைத்திருக்கிறார். கோடு போட்ட தொப்பி, மரச்செருப்பு, கையில் ஒரு விசிறி, முகத்தில் பாதித் தூக்கம். இந்த ஆளா பெரிய விஞ்ஞானி என்று தோன்றும். ஏறக்குறைய நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன் அவர் கோதெய்யின் 12ஆம் பிரிவுக்குத் தலைவராகி, ஷினிகாமிகளுக்கென்று முதல் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவி, அதன் முதல் தலைவராகவும் இருந்தவர்.

அதற்கும் முன்னால் அவர் பார்த்த வேலையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2ஆம் பிரிவின் கீழ் ஒரு சிறை இருந்தது. 'புழுக்களின் கூடு' என்று அதன் பெயருக்குப் பொருள். அங்கே அடைபட்டவர்கள் குற்றம் செய்தவர்கள் அல்ல. ஆபத்தானவர்களாக ஆகக்கூடும் என்று மேலிடம் சந்தேகப்பட்டவர்கள். அந்த இடத்துக்குப் பொறுப்பாளராக இருந்தவர் உராஹாரா. தன் ஆராய்ச்சிக் கூடத்துக்குத் துணைத்தலைவராக அவர் தேடிப் பிடித்த மயூரி குரோட்சுச்சியும் அந்தச் சிறையில் சங்கிலியில் கிடந்தவன்தான். செய்யாத குற்றத்துக்கு அடைபட்டவர்களைக் காவல் காத்தவர் சில ஆண்டுகளில் செய்யாத குற்றத்துக்கே கூண்டில் நிற்கப் போகிறார். குபோ இதை வாய்விட்டு எங்கும் சொல்லிக் காட்டுவதில்லை. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடங்களில் அது ஒன்று.

சிந்தாமணியா, உறைமோரா

ஹோக்யோகு என்பது உராஹாரா செய்த, உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு சிறு உருண்டை. பெயரை எழுத்து எழுத்தாகப் பிரித்தால் 'இடிந்து சரிதல்', 'மணி' என்று வரும். சிதைக்கும் மணி என்று சொல்லலாம்.

மணி என்றதும் நமக்குச் சிந்தாமணி நினைவுக்கு வந்துவிடுகிறது. நினைத்ததைத் தரும் மணி. கற்பகத்தரு, காமதேனு எல்லாம் அந்தக் குடும்பம்தான். அவற்றின் இயல்பு ஒன்றே: கேட்பவன் யார், தகுதி என்ன என்று பார்க்காது. கேட்டது கையில் வந்து விழும். இல்லாத பொருள் இல்லாத இடத்திலிருந்து வரும்.

ஹோக்யோகு அந்தக் குடும்பம் இல்லை. அதற்குப் பொருத்தமான உவமை நம் அடுக்களையில் இருக்கிறது: உறைமோர்.

இரவு படுக்கப் போகும் முன் வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடி வைக்கிறோம். காலையில் தயிர். உறைமோர் வெளியிலிருந்து தயிரைக் கொண்டு வந்து ஊற்றவில்லை. அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைப் புளிப்பாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் பாலின் புரதம் திரள்கிறது. தயிராகும் வாய்ப்பு பாலுக்குள்ளேயே இருந்தது. உறைமோர் அதைத் தொடங்கி வைத்தது.

இப்போது அதே உறைமோரை ஒரு சொம்புத் தண்ணீரில் விடுங்கள். விடிய விடியக் காத்திருந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான், கொஞ்சம் கலங்கியிருக்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஹோக்யோகுவும் இல்லாததை உண்டாக்காது. உள்ளே முடங்கிக் கிடப்பதை மேலே கொண்டு வரும். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதியில் முக்கால்வாசி தானாக விளங்கும்.

கண்டுபிடித்தவர் சொன்ன விளக்கம்

உராஹாரா அந்த மணியைச் செய்தது ஆன்மாவின் எல்லையைத் தாண்டுவதற்காக. ஆகவே அது என்ன செய்யும் என்று அவர் சொன்ன விளக்கமும் எளிது: ஷினிகாமிக்கும் ஹாலோவுக்கும் நடுவிலுள்ள வேலியை உடைக்கும். வேலி உடைந்தால் இரண்டின் பலமும் ஓருடலில் சேரும்.

செய்து முடித்த பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. இது கையை மீறிப் போகும் பொருள் என்று புரிந்து, அழித்துவிடப் பார்த்தார். முடியவில்லை. வேறு வழியில்லாமல் முத்திரையிட்டு, அதாவது அதன் செயலை முடக்கி, மறைத்து வைத்தார். அந்த முத்திரையின் பலத்தைக் கதையே காட்டுகிறது. பின்னாளில் ஐசென் அதைக் கைப்பற்றிய பிறகும், முழுதாக விழிக்க நான்கு மாதம் ஆகும் என்று கோதெய் கணக்குப் போடும்.

கையில் கிடைத்ததும் ஐசென் அதை வைத்து என்ன செய்தான் என்று பார்த்தால் உராஹாராவின் விளக்கம் கச்சிதமாகப் பொருந்துவது போலத்தான் இருக்கிறது. ஹாலோக்களின் முகமூடியைக் கழற்றி, அவற்றுக்கு ஷினிகாமிகளைப் போல மனித உருவும் வாளும் கொடுத்தான். அப்படி மாறியவற்றுக்கு அர்ரன்கார் என்று பெயர். வேலி உடைந்துவிட்டது, பாருங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தோடு திருப்திப்பட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

நாடு கடத்தல்: எதற்காக, எப்படி

ஹோக்யோகுவைச் செய்ததற்காக உராஹாராவுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. கிடைத்தது ஹாலோவாக்கச் சோதனை நடத்தினார் என்ற குற்றச்சாட்டில். இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும் ஒன்றல்ல. முதலாவதை அவர் செய்தார். இரண்டாவதை ஐசென் செய்தான்.

கதை தொடங்குவதற்குச் சுமார் நூறு ஆண்டு முன்பு, ஓர் இரவில் எட்டு ஷினிகாமிகள் ஹாலோவாக மாறத் தொடங்கினார்கள். 5ஆம் பிரிவுத் தலைவர் ஹிராக்கோ ஷின்ஜி அவர்களில் ஒருவர். உராஹாராவின் சொந்தத் துணைத்தலைவி ஹியோரியும் ஒருத்தி. ஐசென் அப்போது ஹிராக்கோவின் துணைத்தலைவன். தலைவனையே எலியாக்கிச் சோதனை செய்தான்.

உராஹாரா அங்கே போய்ச் சேர்ந்தது காப்பாற்றுவதற்கு. கூடப் போனவர் கிடோ படையின் தலைவர் டெஸ்ஸாய். கிடோ என்றால் மந்திர வித்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலத்தை நிறுத்துவதும் ஓரிடத்தை அப்படியே பெயர்த்து இன்னோரிடத்தில் வைப்பதும் தடைசெய்யப்பட்ட வித்தைகள். டெஸ்ஸாய் இரண்டையும் பயன்படுத்தித்தான் எட்டுப் பேரையும் உராஹாராவின் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். அங்கே ஹோக்யோகுவை வைத்து அவர்களைப் பழைய நிலைக்குத் திருப்பப் பார்த்தார் உராஹாரா. பலிக்கவில்லை. விடிந்ததும் காவலர்கள் வந்து இருவரையும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

விசாரித்தது நாற்பத்தாறு பேர் மன்றம். நாற்பது அறிஞர்களும் ஆறு நீதிபதிகளும் கொண்ட இதுதான் சோல் சொசைட்டியின் உச்ச நீதிபீடம். உராஹாராவின் கூடத்தில் ஹாலோவாக்க ஆய்வின் தடயம் கிடைத்தது என்றார்கள். ஐசென் பெயரைச் சொன்னபோது, அவன் அன்றிரவு நகரைவிட்டு நகரவே இல்லை, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பார்த்திருக்கிறார்கள், அதில் ஒருவர் படைத்தலைவர் என்று மறுத்தார்கள். சாட்சி சொன்ன யாரும் பொய் சொல்லவில்லை. ஐசெனின் வாளுக்கு ஒரு குணம் உண்டு. அதன் சக்தி விடுபடுவதை ஒருமுறை பார்த்துவிட்டவரின் ஐம்புலனையும் அவன் விரும்பியபோது ஏமாற்றலாம். அவர்கள் பார்த்தது வேறு ஓர் ஆளை, தெரிந்தது ஐசெனாக.

தீர்ப்பு: உராஹாராவின் சக்தி முழுவதையும் பறித்து மனிதர் உலகுக்கு நிரந்தரமாக நாடு கடத்துவது. டெஸ்ஸாய்க்குச் சிறை. மாறிப்போன எட்டுப் பேரை ஹாலோக்களாகவே கருதி அழித்துவிடுவது.

இந்தத் தீர்ப்பு நிறைவேறவே இல்லை. உராஹாராவின் பால்ய சிநேகிதியும் 2ஆம் பிரிவின் தலைவியுமான யோருய்ச்சி உள்ளே புகுந்து அவர்களை மீட்டுக்கொண்டு போய்விட்டாள். தன் பதவியையும் அதோடு இழந்தாள். எல்லோரும் மனிதர் உலகுக்கு ஓடி வந்தார்கள். ஆக, உராஹாராவை நாடு கடத்தப்பட்டவர் என்பதைவிடத் தப்பியோடியவர் என்பதுதான் சரி. போகச் சொன்ன இடத்துக்கே அவர் தானாக ஓடி வந்துவிட்டார் என்பது வேடிக்கை. சக்தியை மட்டும் கையோடு கொண்டுவந்தார். "சக்தியைப் பறித்துத்தானே அனுப்பினார்கள், பிறகெப்படிச் சண்டை போடுகிறார்?" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்வோம். ஹோக்யோகு உராஹாராவின் படைப்பு. அது அவர் மேலுள்ள குற்றச்சாட்டு அல்ல. ஹாலோவாக்கம் ஐசெனின் செயல். அது உராஹாராவின் தலையில் விழுந்தது.

ருக்கியாவுக்குச் செய்தது

குற்றச்சாட்டு பொய் என்பதால் உராஹாரா மாசற்றவர் ஆகிவிடமாட்டார். ரசிகர்கள் இந்த இடத்தை நைசாகத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஹோக்யோகுவை ஒளித்துவைக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் ஒரு பெட்டியோ குகையோ அல்ல. ருக்கியா என்ற ஷினிகாமிப் பெண்ணின் ஆன்மா. மனிதர் உலகில் சக்தியிழந்து நின்ற அவளுக்கு உராஹாரா ஒரு கிகாய் கொடுத்தார். கிகாய் என்றால் ஷினிகாமி மனிதர் கண்ணுக்குத் தெரிவதற்காகப் போட்டுக்கொள்ளும் செயற்கை உடல். ஆனால் அவர் கொடுத்தது சாதாரணக் கிகாய் இல்லை. உள்ளேயிருப்பவரின் ஆன்ம சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கடைசியில் அவரைச் சாதாரண மனிதராகவே ஆக்கிவிடுவது. மனிதப் பெண்ணொருத்தியின் ஆன்மாவுக்குள் ஹோக்யோகு இருக்கிறது என்று யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

புத்திசாலித்தனமான திட்டம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்த திட்டம். ஐசென் மோப்பம் பிடித்தான். நாற்பத்தாறு பேரையும் கொன்றுபோட்டு, அவர்கள் பெயரில் தானே உத்தரவு எழுதி, ருக்கியாவுக்கு மரண தண்டனை விதித்தான். அவளைக் காப்பாற்றக் கதாநாயகன் இச்சிகோவும் நண்பர்களும் சோல் சொசைட்டிக்குள் நுழைந்து அடிபட்டதெல்லாம் இதற்குப் பிறகு. கடைசியில் உராஹாராவின் பழைய ஆய்வுக் குறிப்புகளிலிருந்து கற்றுக்கொண்ட முறையால் ஐசென் அவள் நெஞ்சிலிருந்து மணியை உருவி எடுத்தான். உராஹாரா பிறகு அவளிடம் மன்னிப்புக் கேட்டார்.

என்னைக் கேட்டால், நாற்பத்தாறு பேர் மன்றம் அவரைத் தவறான குற்றத்துக்கு விசாரித்தது. சரியான குற்றத்துக்கு விசாரிக்க அப்புறம் ஆளே இல்லை.

உண்மையான இயக்கம்

இனி திருத்தம். கராகுராவின் பெரும்போரில் ஐசென் இச்சிகோவிடம் சொல்வது இது: ஹோக்யோகுவின் வேலை வேலியை உடைப்பது அல்ல. தன்னைச் சுற்றியிருப்பவர்களின் உள்ளத்தை உள்வாங்கி, அதை நிஜமாக்குவதுதான் அதன் வேலை.

சான்றாக அவன் இச்சிகோவின் நண்பர்களையே இழுக்கிறான். சாட், ஓரிஹிமே இருவருக்கும் திடீரென்று சக்தி பிறந்ததே, ஏன்? தங்கள் கையாலாகாத்தனத்தை நினைத்து நொந்தவர்கள் அவர்கள். பக்கத்தில் ருக்கியாவுக்குள் ஹோக்யோகு இருந்தது. அந்த ஏக்கம் அதன் காதில் விழுந்தது என்கிறான்.

அப்படியானால் அது சிந்தாமணியேதானே என்று நீங்கள் துள்ளலாம். பொறுங்கள். அவனே அடுத்த மூச்சில் எல்லையையும் சொல்லிவிடுகிறான். யாருக்கு அந்த ஆசையை அடையும் ஆற்றல் இயல்பிலேயே இருக்கிறதோ, அவரை மட்டுமே அது அந்தத் திசையில் நடத்திச் செல்லும். மற்றவர்களுக்கு ஒன்றும் நடக்காது. தண்ணீரில் விட்ட உறைமோர்தான். சாடின் சக்தி ஃபுல்பிரிங் என்ற வகையைச் சேர்ந்தது என்று பின்னால் தெரியவருகிறது. தாய் வயிற்றிலிருக்கும்போது தாய் ஹாலோவால் தாக்கப்பட்டிருந்தால் பிள்ளைக்கு வரும் சக்தி அது. அவன் ஏற்கெனவே பால்தான்.

உவமை இங்கே கொஞ்சம் இடிக்கவும் செய்கிறது. உறைமோருக்குப் பாலின் மனசு தெரியாது, ஹோக்யோகுவுக்குத் தெரியும். பால் மோராக விரும்புகிறதா, பன்னீராக விரும்புகிறதா என்று கேட்டறிந்து அப்படியே ஆக்கித் தரும் ஓர் உறைமோரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பால் வேண்டும், பாலின் விருப்பமும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது.

மூன்றாமவரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். 'ஜெயிக்கணும்' என்று நினைத்துவிட்டு ஐசென் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. ஹோக்யோகு வெற்றியைத் தட்டில் வைத்து நீட்டாது. ஜெயிக்கத் தேவையான உடலாக அவனை மாற்றும்; அதுவும் அவனால் தாங்க முடிந்த அளவுக்கு. அதனால்தான் அவன் மாற்றம் படிப்படியாக நடந்தது. கூட்டுப்புழு போலத் தொடங்கி, பட்டாம்பூச்சிச் சிறகு முளைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் இச்சிகோவிடமோ மற்றவரிடமோ அடி வாங்கி, அந்த அடியைத் தாண்டிப் போக ஆசைப்பட்டு, மறுபடி மாறினான்.

கணக்குப் போட்ட குதிரை

உராஹாராவைப் போன்ற மூளைக்காரர் தன் கையால் செய்த பொருளையே எப்படித் தவறாகப் புரிந்துகொண்டார்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் சுவையான பகுதி இதுதான்.

அவருடைய ஆசை என்னவாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஷினிகாமிக்கும் ஹாலோவுக்கும் நடுவிலுள்ள வேலியை உடைக்க வேண்டும். மணி அந்த ஆசையை உள்வாங்கியது. நிஜமாக்கியது. சோதித்துப் பார்த்தார், வேலி உடைந்தது. ஆகா, நான் வேலி உடைக்கும் கருவி செய்திருக்கிறேன் என்று எழுதிவைத்துக்கொண்டார். இன்னொருவர் அதே இடத்தில் வேறோர் ஆசையோடு நின்றிருந்தால் வேறொன்றைக் கண்டு அதையே அதன் குணம் என்று எழுதியிருப்பார். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இங்கே கண்ணில் மஞ்சள் இருக்கிறதென்று தெரிந்து, உலகமே மஞ்சளாக மாறிக் காட்டியது.

இது வெறும் மாயக் கதை விஷயம் இல்லை. 1900களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. அதன் சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர். கூட்டல் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். மோசடி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு குழுவே வந்து பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் முடிச்சை அவிழ்த்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தோற்றது. கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபோதும் தோற்றது. தட்டல் சரியான எண்ணிக்கையைத் தொடும்போது கேட்பவரின் தலையிலும் முகத்திலும் அவரறியாமல் ஒரு சின்ன அசைவு வரும்; குதிரை அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளும். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. எதிரில் நிற்பவரின் எதிர்பார்ப்பைப் படிக்கத் தெரியும். ஓஸ்டன் யாரையும் ஏமாற்றவில்லை. தான் விரும்பியதை உண்மை என்று முழுமனதாக நம்பினார்.

புதிய மருந்தைச் சோதிக்கும்போது, யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று நோயாளிக்கும் சொல்லமாட்டார்கள், கொடுக்கும் மருத்துவருக்கும் சொல்லமாட்டார்கள். இதற்கு இருபக்க மறைப்புச் சோதனை என்று பெயர். எதிர்பார்ப்பு முடிவில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வேலி அது. உராஹாராவின் கூடத்தில் அந்த வேலி சாத்தியமே இல்லை. மனசைப் படிக்கும் பொருளிடம் எதை மறைப்பது? எந்தச் சோதனை செய்தாலும் "நீ நினைத்தது சரி" என்றுதான் விடை வரும். சோதனை செய்வதாலேயே உண்மையைக் காண முடியாத ஒரே பொருளை அந்த விஞ்ஞானி செய்துவிட்டார்.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவன் ஐசென், அவனோ ஊரறிந்த பொய்யன் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. நியாயம்தான். ஆனால் கதையின் முடிவு அவன் சொன்ன விளக்கத்தோடு பொருந்துகிறது. அதுவும் அவனுக்கு எதிராகவே பொருந்துகிறது.

ஐசெனுக்கு நடந்தது

இச்சிகோவின் கடைசி வெட்டில் ஐசென் பிளந்து போனான். வழக்கம்போல உடல் திரும்பக் கூடத் தொடங்கியது. கையிலிருந்த வாள் தூளாகிக் கரைவதைப் பார்த்து, அடுத்த படிக்கு ஏறுகிறேன், இனி வாளே தேவையில்லை என்று பூரித்தான். அந்த நேரத்தில் அவன் உடலுக்குள்ளிருந்து முத்திரைக் கழிகள் முளைத்து வெளியே வந்தன. உராஹாரா, முன்பு நடந்த சண்டையில் ஒரு கிடோவுக்குள் இன்னொரு கிடோவை ஒளித்து அவனுக்குள் விதைத்திருந்தார். அவன் பலவீனப்படும்போது மட்டும் விழிக்கும்படி.

உச்சிக்குப் போய்க்கொண்டிருந்தவன் ஏன் பலவீனப்பட்டான்? ஹோக்யோகு அவனைத் தன் எஜமானனாக ஏற்க மறுக்கத் தொடங்கிவிட்டது என்பது உராஹாராவின் பதில்.

எல்லாம் அடங்கிய பிறகு இச்சிகோ வேறொரு பதிலை முன்வைக்கிறான். ஐசெனோடு வாள் மோதியபோது அந்த வாளில் தான் உணர்ந்தது தனிமை மட்டும்தான் என்கிறான். பிறவியிலேயே எல்லோரையும்விடப் பலசாலியாக இருந்தவன் தனக்கு இணையாக ஒருவரைத் தேடியிருக்கலாம். கிடைக்கவே கிடைக்காது என்று கைவிட்ட பிறகு, உள்ளுக்குள் எங்கோ, நானும் ஒரு சாதாரண ஷினிகாமியாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கியிருக்கலாம். அப்படி இருந்தால், ஹோக்யோகு அவனைக் கைவிடவில்லை. வாயால் கேட்டதை விட்டுவிட்டு மனசில் இருந்ததைக் கொடுத்தது. உறைமோர்க் கணக்கிலும் இது சரியாக வருகிறது: சாதாரண ஷினிகாமியாக இருக்கும் தகுதி ஐசெனுக்கு நிச்சயமாக இருந்தது.

அவன் உடம்போடு ஒட்டிப்போன மணியை எடுக்கவும் முடியவில்லை, அதனால் அவனைக் கொல்லவும் முடியவில்லை. புதிதாகக் கூடிய நாற்பத்தாறு பேர் மன்றம் அவனைக் கட்டி உட்காரவைத்து, பாதாளச் சிறையின் கடைசித் தளத்தில் 18,800 ஆண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அப்படிக் கட்டுண்டு கிடந்தும் அவன் அவர்களை ஏளனமாக ஏதோ சொல்லிவைக்க, அங்கேயே தண்டனையை 20,000 ஆண்டாக்கினார்கள். வாய்க்கொழுப்புக்கு மட்டும் 1,200 ஆண்டு.